பனி பெய்யாத ஊரில் மேனேஜர் செய்த பனி

போன வாரம் மதகடிப்பட்டு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பனிக்கட்டி தொங்கும் மரங்கள். முன்னால் குல்லாய் போட்ட மேனேஜர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறார், அந்த மலையையே தான்தான் பெற்றுப்போட்ட மாதிரி. ‘இந்த வருஷமும் லடாக் டூர் உண்டு’ என்று கீழே எழுதியிருந்தார். ‘தூ!’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். டீயைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து மாஸ்டர் கோபித்துக்கொண்டார்.

படம் பழசு. அந்த மரங்களுக்குத் தண்ணீர் அடித்தவன் நான். எனக்கு பிளம்பர் வேலை. வில்லியனூர்க்காரரான மேனேஜர் லடாக்கில் ஒரு மலைக்கிராமத்து விடுதியைக் குத்தகைக்கு எடுத்து, நம் பக்கத்து ஜனங்களைப் பனி பார்க்கக் கூட்டிப்போவார். குழாய் உறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு குளிர்காலம் என்னையும் அழைத்துப்போனார். அந்த வருஷம் பனியே விழவில்லை. அங்கே பனிதான் மழை, பனிதான் ஏரி. உச்சி வரைக்கும் மலை மொட்டையாகக் கிடந்தது. விறைக்கிற குளிரிலும் புழுதி பறந்தது. ஊருக்கு மிஞ்சியது கட்டைவிரல் பருமனில் வடியும் ஒரே ஓர் ஊற்று. இரவெல்லாம் தொட்டியில் நிறைவதை விடிந்ததும் வீட்டுக்கு இரண்டு கேன் என்று பங்கிட்டுக்கொள்வார்கள்.

வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். “இன்னாபா இது, செங்கல் சூளையாட்டம் கீது!” என்றார் ஒரு பாகூர்க்காரர். மேனேஜருக்கு மானம் போய்விட்டதாம். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“ஊத்துல ஓஸ் போட்டு மரத்து மேல அடிச்சி வுடுடா. காலைல ஐஸா நிக்கும். ஊரு ஜனம் கேட்டா நான் பாத்துக்கறேன்.”

அவர் பார்த்துக்கொள்கிற லட்சணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன்.

காலையில் மரங்கள் பளபளவென்று நின்றன. ஆளாளுக்கு செல்ஃபி. மேனேஜர் புது மாப்பிள்ளை கணக்காக உலாத்தினார். அப்போது பக்கத்து வீட்டு அக்கா கேன்களோடு வந்தார். அவருடைய பசு நிறைசினை. முந்தின நாள்தான் என்னைக் கூட்டிப்போய், அதன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிச் சிரித்தார். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓஸையும் மரங்களையும் பார்த்தார். சண்டை போடவில்லை. வீட்டுக்குப் போய்க் கோடாலியும் கூடையும் எடுத்துவந்து ஐஸை உடைக்க ஆரம்பித்தார். வரட்டி அடுப்பில் வைத்து உருக்கினால் பசுவுக்காவது ஆகும்.

மேனேஜருக்கு இந்தி வராது. “அய்ய, பிக்சர் கெட்டுப்பூடும்! உடைக்க வேணாம்னு சொல்லுடா அதுகிட்ட” என்று என்னை விரட்டினார்.

அற்ப மனுஷன். இத்தனை வருஷமாக அவரைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், இன்னும் திட்டுவேன். ஆனால் அந்த அக்காவிடம் போய், உடைக்காதீர்கள் என்று பதவிசாக இந்தியில் சொன்னது என் வாய்தான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூடையை மரத்தடியிலேயே கவிழ்த்துவிட்டு, காலிக் கேன்களை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மேனேஜர் என் முதுகில் தட்டி, “கெட்டிக்காரன்டா நீ” என்றார்.