காவிரியில் விட்ட கருகமணி

பர்மாவிலிருந்து நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்த நேரம் அது. என் அண்ணனும், ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்த அண்ணியும் தென்னூரில் எங்களோடு வந்து தங்கினார்கள். அண்ணி கொண்டு வந்தது ஒரு தகரப் பெட்டி மட்டும்தான்.

ஆடிப்பெருக்கு வந்தது. காவிரியில் விடக் காதோலை வாங்கிய நான் கருகமணியை மறந்துவிட்டேன். அண்ணி குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். கறுப்பு மணிமாலை ஒன்று கிடந்தது. அற்பச் சாமான்தானே என்று, கேட்காமலே எடுத்துத் தட்டில் வைத்துப் பூவால் மூடிவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் நான் மாலையை நீரில் விட்டதுதான் தாமதம், அண்ணி கட்டிய புடவையோடு இறங்கி அதைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணி இது! காவேரிக்குக் கொடுத்ததைப் போய் எடுக்கறீங்களே!" என்று எல்லோர் எதிரிலும் கத்தினேன்.

அவர் ஒரு மணியை நகத்தால் சுரண்டிக் காட்டினார். கறுப்பு அரக்குக்கு அடியில் தங்கம்!

"எங்க அம்மாவோட மாலை, சரசு. ரங்கூன் துறைமுகத்துல அதிகாரிங்க மத்த நகையெல்லாம் பறிச்சுக்கிட்டாங்க. கருகமணின்னு நினைச்சு இதை மட்டும் விட்டுட்டாங்க."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லணும்னுதான் வந்தேன். வந்த அன்னைக்கே இந்தப் பெட்டியைக் கொல்லைப்பக்கம் வைக்கச் சொன்னே. அப்புறம் சொல்லத் தோணலை."

இப்போது அண்ணியின் சீப்பை எடுப்பதானாலும் கேட்டுத்தான் எடுக்கிறேன். அவரும் முகம் கோணாமல் கொடுக்கிறார். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பூட்டு வந்துவிட்டது. அவர் சாவியை எடுத்தால், நானாகவே எழுந்து வாசல் பக்கம் போய்விடுகிறேன்.