பிரேக்குக்கு ஏர் எடுத்த ஞாயிறு

ஒரு வாரமாக பிரேக்கை இரண்டு தடவை மிதித்தால்தான் பிடித்தது. நானும் இரண்டு தடவை மிதித்து ஓட்டினேன். யார் மேலும் பழி போட முடியாது. ஆட்டோ என்னுடையது, காலும் என்னுடையது.

சனிக்கிழமை பள்ளிக்கூடச் சவாரி. பின்னால் ஐந்து பிள்ளைகள். வேங்கிக்கால் பக்கம் ஒரு திருப்பத்தில் மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது. இன்னொரு தடவை மிதித்தேன். அப்போதும் தரைதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் வண்டியை ஏற்றி நிறுத்தினேன். யாருக்கும் கீறல் இல்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். இன்னொரு தடவை ஏற்றச் சொன்னார்கள்.

சாயங்காலம் ஒரு பையனுடைய அம்மா போன் செய்தாள்.

"இன்னாக்கா, மணல் மேல ஏறிட்டீங்களாமே? எம்புள்ள தெருவெல்லாம் சொல்லினு திரியறான்."

"பிரேக் போயிடுச்சு."

"திங்கக்கிழம நானே வந்து உக்காந்து பாப்பேன். புடிச்சாதான் அனுப்புவேன். இல்லன்னா வேற ஆட்டோ பாத்துக்கறேன்."

சரி என்றேன். அவள் பிள்ளையை நிறுத்தினால் மற்ற நாலும் நிற்கும். எங்கள் வீட்டு அரிசி அந்தச் சவாரியில்தான் வருகிறது.

மெக்கானிக் செவ்வாய்க்கிழமைதான் முடியும் என்றார். அவர் செய்வதைப் பல தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஞாயிறு காலையில் நானே வேலையில் இறங்கினேன்.

பின் சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகியிருந்தது. உள்ளே தேய்ந்திருந்த ரப்பரை மாற்றினேன். அடுத்து குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே தள்ள வேண்டும். ஏர் எடுப்பது என்பார்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குக் கீழே படுத்து, டியூப் மாட்டிய நிப்பிளை, அதாவது காற்று வெளியேறும் சின்னத் திருகைத் திறக்க வேண்டும். காற்றும் ஆயிலும் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் வந்த காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

இரண்டாவது ஆள் என் வீட்டுக்காரர். ஆசிரமத்துப் பக்கம் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். ஞாயிறு லீவு. அவர் வாய்க்கு மட்டும் லீவு கிடையாது.

"மிதி", "விடு" என்று சொல்லிப் பார்த்தேன். நான் விடு என்பதற்குள் விட்டார்.

"நீ சொல்றது காலுக்கு ஏற மாட்டேங்குது. தேரு இழுக்கறப்ப எவனாச்சும் இழு, விடுன்னு சொல்றானா? மிதிச்சுட்டு நான் அண்ணாமலையாருக்குன்னு சொல்றேன். மூடிட்டு நீ அரோகரா சொல்லு. அப்ப எடுக்கறேன்."

வேலை நடந்தால் போதும் என்று படுத்தேன். எங்கள் சந்து கிரிவலப் பாதையில் போய் முட்டுகிறது. வாசலிலிருந்து பத்தடி. அது இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை.

"அண்ணாமலையாருக்கு!" என்று கத்தினார். நிப்பிளைத் திறந்தேன்.

"அரோகரா!" என்று பாதையில் போன இருபது பேர் சொன்னார்கள்.

காலை எடுத்துவிட்டார். டியூபில் வந்த குமிழி எல்லாம் பின்வாங்கி உள்ளே போனது.

"நான் இன்னும் மூடல."

"அரோகரா கேட்டுச்சே!"

"அது நான் இல்ல. ரோட்ல போறவங்க."

"எல்லாரும் சேந்து சொல்றப்ப கால் எப்படி நிக்கும்?"

மெதுவாகச் சொல்லச் சொன்னேன். சாமி பேரை மெதுவாகச் சொல்ல அவருக்கு வரவில்லை. நாலு தடவை இப்படியே போனது. ஏதோ பூஜை என்று நினைத்து ஒரு காவிச் சாமி சந்து முனையில் வந்து உட்கார்ந்தார். அவர் சொன்ன அரோகரா மூன்று தெருவுக்குக் கேட்கும். நான் தலையை வெளியே நீட்டினேன்.

"சாமி, கொஞ்ச நேரம் வாய மூடினு இருங்க."

"சிவ நாமத்த தடுக்காதம்மா. பாவம்."

"பிரேக் இல்லாம அஞ்சு புள்ளைங்கள ஏத்தறது அதவிட பாவம் சாமி."

"பிரேக்கா? அப்ப பொங்கல் கிடையாதா?"

எழுந்து போய்விட்டார்.

அதற்குள் முக்கால் பாட்டில் ஆயில் காலி. வெளியே வந்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றலாம் என்றார் வீட்டுக்காரர்.

"ஊத்தினா இன்னா? எங்க கடையில மூணு நாளைக்கு ஒரே எண்ணெய்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

புது பாட்டில் வாங்கி வந்தேன். இனிமேல் சாமியைக் கூப்பிட வேண்டாம் என்றேன். பதினைந்து வருஷமாக ஓட்டலில் எந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் உடம்பு தானாக நகர்கிறது என்று யோசித்தேன். "ரோஸ்ட்னு நான் சொன்னா எடுங்க" என்றேன்.

மிதித்தார். திறந்தேன். மூடினேன். "ரோஸ்ட்!" எடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பாதையில் போன ஒருவர் சந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரோஸ்ட் எவ்ளோம்மா?"

"சண்டே லீவு" என்றார் வீட்டுக்காரர். காலை மட்டும் எடுக்கவில்லை.

மூன்று சக்கரமும் முடிய மத்தியானம் ஆனது. நடுவில் பெடலோடு சேர்ந்த ஆயில் டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் குமிழி இல்லாமல் ஆயில் மட்டும் வந்தது. பெடல் ஒரே மிதியில் கல் மாதிரி நின்றது.

திங்கட்கிழமை அந்த அம்மா பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தான் மட்டும் ஏறி உட்கார்ந்தாள். காலி ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்தேன்.

"இப்ப புடிங்க" என்றாள்.

பிடித்தேன். என் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் அவள் நெற்றி இடித்தது. நெற்றியைத் தேய்த்தாள். அப்புறம் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தபா."

இன்னொரு தடவையும் பிடித்தேன்.

"சனிக்கிழமைக்கு முன்னாடி இப்படி புடிக்கலயா?"

"இல்ல. ஒரு வாரமாவே கம்மியாதான் புடிச்சுது."

"தெரிஞ்சேதான் ஓட்னீங்களா?"

"ஆமா."

கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஆட்டோ என்றுதான் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தாலும் நியாயம்தான்.

வாசலுக்கு வந்ததும் இறங்கிப் பிள்ளையை ஏற்றினாள். ஓரத்தில் உட்கார்ந்தவனை நடுவில் நகர்த்தினாள்.

"தினம் காலையில மிதிச்சு பாத்துட்டு எனக்கு ஒரு போன் போடுங்கக்கா. போன் வரலன்னா புள்ள வராது."

அன்றிலிருந்து போடுகிறேன். ஹலோகூடச் சொல்ல மாட்டாள்.

"புடிக்குதா?"

"புடிக்குது."

வைத்துவிடுவாள்.