பிர்ச் கன்று பிடுங்கும் இடம்

பிரேமன் நகருக்குத் தெற்கே ஒரு பேருந்து நிறுத்தம். அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. எதிரே கண்ணுக்கெட்டிய வரை கறுப்பு நிலம். புல் இல்லை, காற்றில் தூள் பறக்கிறது. ஜெர்மனியில் இப்படியொரு பாலையா என்று சாலையை விட்டு இறங்கி நடக்கிறேன்.

ஒருவர் குனிந்து மரக்கன்றுகளை வேரோடு பிடுங்கிக்கொண்டே கைபேசியில் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார். மரம் நடச் சொல்லி வளர்க்கப்பட்டவன் நான், மனசு கேட்கவில்லை. பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.

"ஏண்ணா இதைப் பிடுங்குறீங்க?"

"இது பிர்ச் மரம், தம்பி. விட்டா இருக்கிற தண்ணியை எல்லாம் குடிச்சுப்போடும். இது முந்தி சதுப்பு. தண்ணியை வடிய விட்டு, மண்ணை வெட்டி வித்துப்போட்டினம். அந்த வாய்க்கால் வெட்டினதில நானும் ஒராள். கொம்பனி மூடினாப்பிறகு, திரும்பச் சதுப்பாக்க அதே வாய்க்காலை அடைக்கிறதுதான் எங்களுக்கு வேலை. எது எங்க கிடக்கெண்டு எங்களுக்குத்தானே தெரியும்."

அடைத்த பக்கத்தைக் காட்டுகிறார். அங்கே நீர் தேங்கிப் பச்சைப் பாசி மிதக்கிறது.

"இந்த மண்ணை யாரு வாங்கினாங்க?"

"ஆர் வாங்கேல்லை? கடையில பூச்சட்டிக்கு விக்கிற மூட்டை இதுதான். உங்கட வீட்டில சட்டி இல்லையோ?"

மியூனிக்கில் என் சமையலறை ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. குளிருக்கு மூன்று செத்து, இது நாலாவது. ஒவ்வொன்றுக்கும் புது மூட்டை வாங்கினேன். அதைச் சொல்கிறேன்.

"இப்ப நல்லா வருதோ?"

"வருதுண்ணா."

ஒரு கையுறையைக் கழற்றி என்னிடம் நீட்டுகிறார். பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. குனிகிறேன்.