தாடிக்காரப் புனிதைக்கு ஒரு படி ஓட்ஸ்

நார்ஃபோக் பக்கத்தில் ஒருவன் சந்தையில் ஏமாந்து வந்தால், "தாடியைச் செரைச்சு அனுப்பிட்டாங்க" என்பார்கள். ஹாமண்டின் தாடியைச் சிரைக்காத வியாபாரி அங்கே இல்லை. வெளியில் வாய் திறக்க மாட்டான். வீட்டுக்கு வந்து மனைவி ஏவிஸை அடிப்பான். அவள் வயிற்றிலிருந்த பிள்ளையும் அப்படித்தான் போனது.

அதைப் பார்த்துப் பொறுக்காதவள் ஹாமண்டின் தங்கை பெட்ரனல். அறுப்பு நெருங்கும் சமயம், தன் வீட்டு ஓட்ஸில் ஒரு படியை மடியில் கட்டிக்கொண்டு வந்து அண்ணியைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். அங்கே தூணோரம் தாடியோடு சிலையாக நின்றாள் புனித அன்கம்பர். பிடிக்காத கல்யாணத்துக்குத் தப்ப, முகத்தில் தாடி முளைக்கட்டும் என்று வேண்டி வாங்கிக்கொண்ட ராஜகுமாரி. பெற்ற அப்பனே அவளைச் சிலுவையில் அறைந்தான். புருஷனால் நொந்த பெண்கள் அவள் காலடியில் ஓட்ஸ் வைப்பார்கள். அவனை நரகத்துக்குச் சுமந்து போகிற குதிரைக்கு அது தீனி.

"அவர் சாக வேணாம் பெட்ரனல். அந்தக் கை ஓய்ஞ்சாப் போதும்," என்றாள் ஏவிஸ்.

"அதைத் தாயிகிட்ட சொல்லு அண்ணி. குதிரையை எங்க நிறுத்தணும்னு அவளுக்குத் தெரியும்."

பார்லி அறுக்கும்போது கதிரைக் கிள்ளி மெல்வது ஹாமண்டின் பழக்கம். அந்த வாரம் கதிரின் தாடி முள்ளொன்று தொண்டையில் குத்தி உள்ளே இறங்கிவிட்டது. முதலில் இருமினான், சிரித்தான். பிறகு கழுத்து வீங்கித் தண்ணீர்கூட இறங்கவில்லை. பேச்சும் நின்றது. ஏவிஸ் துணியை பீரில் நனைத்து அவன் உதட்டில் பிழிந்தாள். அவன் அவள் விரல்களைப் பற்றிக்கொண்டான். அத்தனை வருஷத்தில் அந்தக் கை அவளை அப்படிப் பிடித்ததே இல்லை.

விரல்களை உருவிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். வைத்த ஓட்ஸைத் திரும்ப அள்ளிவிடலாம் என்று நினைத்தாள். எலிகள் தின்றதுபோக உமிதான் கிடந்தது. அதையும் கூட்டி மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்பியபோது, ஹாமண்டின் கண்களை யாரோ மூடியிருந்தார்கள்.

அடக்கத்தன்று ஊர் கூடி நிற்கையில் பெட்ரனல் வாய்விட்டாள். "என் அண்ணன் தாடிக்கு நேரா, மூஞ்சிக்கு நேரா நின்னு ஒரு வார்த்தை கேக்கத் துப்பில்லாதவ, தாயி காலடியில தீனி வெச்சு அனுப்பிட்டா."

அழுகையில் வந்த பேச்சு. ஓட்ஸ் யாருடையது என்று ஏவிஸ் சொல்லவில்லை.

அதன்பின் அவள் வீட்டில் காய்ச்சி விற்றுவந்த பீரை யாரும் வாங்கவில்லை. யார்மவுத் கடற்கரைக்குப் போய் மீன் வயிறு கிழிக்கும் வேலையில் சேர்ந்தாள். சில வருஷம் கழித்து, சிலை வழிபாடு கூடாதென்று ராஜாவின் ஆட்கள் கோயில் சிலைகளை உடைத்த காலத்தில், பெட்ரனல் அவளைத் தேடி வந்தாள். மீன் குவியலுக்கு எதிரே நின்று, அன்று ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டாள்.

ஏவிஸ் கத்தியை நிறுத்தவில்லை. "ஊரு ஒதுக்க ஒருத்தி போதாதா? உனக்குப் பிள்ளைங்க இருந்துச்சு."

ஊருக்கு வந்துவிடு என்று பெட்ரனல் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். ஏவிஸ் அவளுக்கு ரொட்டியும் சுட்ட மீனும் கொடுத்து, வண்டியேற்றி அனுப்பினாள். தான் போகவில்லை. அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்தவளை, அவள் ஊர் எதுவென்று தெரியாத மீன்காரிகள் கடலோரத்திலேயே புதைத்தார்கள்.