வெளியே பூட்டு, உள்ளே மகள்

மகள் குடிமைப்பணித் தேர்வுக்கு நடப்பு நிகழ்வுகளைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். நான் இல்லாதபோதும் பேச வரும் பக்கத்து வீட்டு மஞ்சுளாவிடம், "அப்புறம் வாங்க" என்று சொல்ல எனக்குக் கூச்சம். அதனால், வீட்டில் யாரும் இல்லை என்று அவள் நினைக்கட்டும் என, மகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போவேன்.

ஒருநாள் பெங்களூரு வைட்ஃபீல்ட் நெரிசலில் பஸ் நகரவே இல்லை. மகள் போன் செய்தாள்.

"அம்மா, ஸ்விட்ச் போர்டு புகையுது! மூச்சு முட்டுது, யாரையாவது திறக்கச் சொல்லும்மா!"

வீடோ தூரத்தில், தொம்மலூரில். வெட்கத்தை விட்டு மஞ்சுளாவிடம் போனில் உண்மையைச் சொன்னேன். அவள் பூட்டை உடைத்து மகளை வெளியே கொண்டுவந்தாள்.

பிறகு கேட்டாள்: "எனக்குப் பயந்தா பூட்டுனீங்க அக்கா? பொண்ணு படிக்குதுன்னு சொன்னா வருவேனா?"

இப்போது பூட்டுவதில்லை. "சாயங்காலம் ஏழு மணிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஏழுக்கு வந்து, மகளின் நோட்டைப் பிரித்து அவளைக் கேள்வி கேட்பது மஞ்சுளாதான்.