எங்கள் ஊர் – ஒரு கண்ணோட்டம்

ஐந்தாம் வகுப்பில் ‘எங்கள் ஊர் – ஒரு கண்ணோட்டம்’ என்று கட்டுரை எழுதிவரச் சொன்னார்கள். கண்ணோட்டம் என்றால் என்னவென்று வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. ஓரிடத்தில் நின்றபடி எல்லாவற்றின் மேலும் கண்ணை ஓடவிடுவது, மொத்தமாகப் பார்ப்பது என்றார் டீச்சர். பழைய நூல்களில் அதற்கு இரக்கம் என்று பொருளாம். பிரியமானவர் பக்கம் கண் தானாக ஓடிவிடுமாம். அது பரீட்சைக்கு வராது என்று அவரே சொன்னதால் நான் எழுதிக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரான போடியை மொத்தமாகப் பார்க்க மலைக்குத்தான் போகவேண்டும். அம்மா போடிமெட்டுக்கு அப்பால் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தாள். திங்கட்கிழமை காலையில் ஜீப்பு ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடு. விடுமுறை வந்த ஒரு திங்களன்று, பாதி மலைவரை நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். கட்டுரை ஒரு சாக்கு. இன்னும் கொஞ்ச நேரம் அம்மா மடியில் உட்கார்ந்திருக்கலாம். பஸ்சில் என்னைத் திரும்பக் கூட்டிவர அப்பாவும் கூட வந்தார்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் எங்களை இறக்கிவிட்டார்கள். அம்மாவும் இறங்கி வந்தாள். வாராவாரம் அந்த இடத்தில் ஜீப்பை நிறுத்தச் சொல்லுவாளாம். டிரைவர் சிரித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார். கீழே கண்மாயும் தோப்புகளும் கூரைகளும் எனக்கு ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. அம்மா தேடவே இல்லை. விரல் நேராக நீண்டது.

“அந்தா, கண்மாய்க்கு இந்தப் பக்கம் பளபளன்னு தெரியுதுல்ல ஆத்தா, அந்தத் தகரந்தேன் நம்ம வீடு.”

எப்படி இவ்வளவு வெரசாகக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். என் தலையைத் தடவிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். ஜீப்பு அடுத்த வளைவில் மறையும்வரை நான் ஊர்ப்பக்கம் திரும்பவில்லை. அப்பாதான் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, ஒவ்வொன்றாகக் காட்டி எழுதவைத்தார்.

கட்டுரைக்கு ‘மிக நன்று’ கிடைத்தது. சனிக்கிழமை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கைகால்கூடக் கழுவாமல் முழுவதும் கேட்டாள்.

“நம்ம வீட்ட எழுதலையா ஆத்தா?”

“கண்ணோட்டம்னா ஊரு மொத்தத்தையும் பாக்கணும்மா. ஒண்ண மட்டும் பாக்கக் கூடாது.”

அப்படியா என்று தலையாட்டினாள். அம்மாவுக்குத் தெரியாத ஒரு சொல்லுக்கு நான் பொருள் சொல்லிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.