ஈரல் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

ஒன்பது வயதில் நான் கொஞ்ச நேரம் ஒரு பாபிலோனியப் பூசாரியாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு வரைக்கும்தான் அந்தப் பதவி. அதற்குள் ஒரு மனிதர் வீட்டை விட்டுப் போக வழி செய்துவிட்டேன்.

அப்போது லண்டன் கோலியர்ஸ் வுட்டில், பெரியப்பாவுக்குச் சொந்தமான வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். பெரியப்பா பிளேஸ்டோவிலிருந்து ஞாயிறு தவறாமல் சாப்பிட வருவார். வந்ததும் கை கழுவுவதற்கு முன்பே அறை அறையாகப் போய்ச் சுவர்களைத் தட்டிப் பார்ப்பார். அந்த வீட்டின் சின்ன அறையில்தான் மாமா வந்து சேர்ந்தார். ஒரு மழைநாளில் கதவைத் தட்டி, ஒரு கடதாசித் துண்டை நீட்டினார். அதில் எழுதியிருந்த எங்கள் விலாசத்தை அம்மா கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அண்ணை, உள்ளுக்கு வாங்கோ" என்றார். என் பக்கம் திரும்பி, "உன்ர மாமா" என்றார்.

"சொந்தச் சகோதரம் எண்டபடியால் இருக்கட்டும். வேற ஆக்களை என்ர வீட்டில வைச்சிருக்க ஏலாது," என்று பெரியப்பா அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. லண்டனில் மாமாவுக்கு எங்களை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

எனக்கு முதல் நாளே சந்தேகம். அம்மாவுக்கு ஒரேயொரு அண்ணன். அவருடைய பள்ளிக்கூடப் படம் ஹோல் சுவரில் தொங்கியது. படத்தில் இருந்தவருக்குக் காது இரண்டும் விரிந்து நிற்கும். இவருக்கோ தலையோடு ஒட்டிய காது. கேட்டால், "ஆக்கள் வளர வளர மாறுவினம்" என்றார் அம்மா. மூக்கு மாறலாம், காது எப்படி மாறும்? இவர் எப்போதும் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். வாசல் மணி அடித்தால் தேத்தண்ணீரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அம்மாவின் சின்ன வயதுக் கதை எதைக் கேட்டாலும், "அம்மாட்டக் கேளுங்கோ, பிள்ளை" என்று நழுவுவார். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். ஆள் கள்ளன் என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. அத்தாட்சி ஒன்றுதான் பாக்கி.

அதற்கு வழி காட்டியது பள்ளிக்கூடம். சுமேரியர், பாபிலோனியர் பாடத்துக்காக எங்களை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். மற்றப் பிள்ளைகள் தங்க நகைகளை மொய்த்தபோது நான் உள்ளங்கை அளவு களிமண் கட்டி ஒன்றின் முன் நின்றுவிட்டேன். கட்டம் கட்டமாகக் கீறி, துளைகள் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஆப்பு ஆப்பாக எழுதியிருந்தார்கள். அது ஆட்டு ஈரலின் மாதிரியாம். எங்களுக்கு விளக்கம் சொன்ன பெண் சொன்னாள்: ராஜாவுக்கு ஒருவன் மேல் ஐயம் வந்தால், பூசாரி ஆட்டின் காதில் கேள்வியைச் சொல்வார். பிறகு ஆட்டை அறுத்து ஈரலைப் பார்ப்பார். தெய்வம் பதிலை அதில் எழுதி வைத்திருக்கும். இன்ன இடத்தில் துளை இருந்தால் எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். பிள்ளைகள் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு மட்டும் எங்கள் சமையலறை ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் ஞாயிறு தோறும் ஈரல் வறுப்பார்கள்.

அந்த ஞாயிறு டூட்டிங் இறைச்சிக்கடைக்குப் போய் ஈரல் வாங்கி வந்ததும் மாமாதான். அம்மா அதைக் கழுவித் தட்டில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனார். ஆட்டுக் காது கைவசம் இல்லாததால் நான் ஈரலையே நோக்கிக் குனிந்து, "இவர் எங்கட மாமாவோ?" என்று மெல்லக் கேட்டேன். புரட்டிப் பார்த்தேன். வலது பக்கத்தில் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி ஒரு துளை. இறைச்சிக்கடைக் கத்தி பட்டிருக்கும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அது தெய்வத்தின் கையெழுத்து.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் அறிவித்தேன்.

"இவர் எங்கட மாமா இல்லையாம். ஈரல் சொல்லுது."

அப்பா சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. அவருக்கும் நெடுநாளாக உறுத்தல் இருந்திருக்க வேண்டும்; மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை பகிடியாச் சொல்லுது. எண்டாலும் கேக்கிறன், குறை நினைக்காதையும். தங்கச்சியை வீட்டில என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறனீர்?"

அம்மா வாயைத் திறந்தார். பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

மாமா ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். அம்மா ஓம் என்று தலையாட்டியிருப்பார். ஆனால் அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"தெரியாது அண்ணை. நான் இவவின்ர சகோதரம் இல்லை. இவவின்ர அண்ணையோட கடைசி வரைக்கும் இருந்தனான். இந்த விலாசம் அவர் எழுதித் தந்தது." பிறகு அம்மாவைப் பார்த்தார். "தங்கச்சி, நான் வந்த அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்..."

"சொல்லாதேங்கோ அண்ணை," என்றார் அம்மா. "நான் கேக்கேல்லைத்தானே."

உண்மைதான். அவர் வந்த நாலு மாதத்தில் அம்மா தன் அண்ணனைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதை மட்டும் நான் கொப்பியில் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் ஒரு பையோடு போனார். அப்பா பஸ் தரிப்பிடம் வரை கூடப் போனார். அம்மா சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவின கோப்பைகளையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார். நான் காட்டிக்கொடுத்த கோபம் என்று நினைத்தேன். அவரைச் சந்தோசப்படுத்த வேண்டும் போல இருந்தது. பொய் மாமா போய்விட்டார், சின்ன அறையும் காலியாகிவிட்டது. கிட்டப் போய் அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்ப எங்கட உண்மையான மாமா எப்ப வருவார்?" என்று கேட்டேன்.